பக்கவாதம் வந்தவர் வீடு திரும்பிய பிறகு: முதல் ஆறு மாதத்துக்கான வழிகாட்டி

டிஸ்சார்ஜ் அன்று பெரும்பாலும் மூன்று வாக்கியங்கள்தான் கிடைக்கும். மாத்திரையை விடாதீங்க, பிசியோதெரபி பண்ணுங்க, ரெண்டு வாரம் கழிச்சு வந்து காட்டுங்க. ஒரு பக்கம் கை கால் வராதவரை காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வரும். எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது? ரசம் சாதம் ஊட்டலாமா? கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கலாமா? இந்தக் கட்டுரை அப்படி முழித்துக்கொண்டு நிற்கும் வீட்டுக்கானது. பக்கவாதத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். தலையில் அடிபட்டு ஒரு பக்கம் செயலிழந்தவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் நோயாளியைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். தண்ணீர் கேட்பதற்குள் டம்ளர் வாயருகே வந்துவிடும். சட்டைப் பட்டனை மகன் போடுவார், சோற்றை மனைவி பிசைந்து ஊட்டுவார். அவர் கை அசைய வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் வேறொரு கை முந்திக்கொள்ளும். மூளை மீள்வதற்கு இது உதவாது. அடைப்பிலோ ரத்தக்கசிவிலோ செத்துப்போன மூளைச் செல்கள் திரும்பி வருவதில்லை. அதைச் சுற்றித் தப்பித்திருக்கும் பகுதிகள்தான் அந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்கின்றன. அவரே முயன்று, தப்பாகச் செய்து, மறுபடி முயலும்போதுதான் அவை கற்கின்றன. நீங்கள் அவர் கையைத் தூக்கி இறக்கினால் மூட்டு இறுகாமல் இருக்கும், அதுவும் தேவைதான். ஆனால் மூளைக்கு அதில் பாடம் கொஞ்சம்தான்.

வேகமான முன்னேற்றம் பெரும்பாலானவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் தெரியும். அப்புறம் வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது. “ஆறு மாசம் தாண்டினா இனி வராது” என்று தெருவில் யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். முழுக்கச் சரியாகிவிடும் என்று யாராவது அடித்துச் சொன்னால் அவரையும் நம்ப வேண்டாம்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

வந்தது ரத்தக்குழாய் அடைப்பா, ரத்தக்கசிவா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடைப்பு வந்தவருக்கு ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வழக்கமாக இருக்கும். கசிவு வந்தவருக்கு அதே மாத்திரை ஆபத்தாகலாம். அடுத்த வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டைப் பார்த்து ஒப்பிடுவது அதனால்தான் வம்பு.

விழுங்கும் திறனைச் சோதித்தார்களா, உடற்பயிற்சியின்போது பிரஷர் எவ்வளவு வரை போகலாம், மூக்குக் குழாயோ சிறுநீர்க் குழாயோ இருந்தால் எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் கேளுங்கள். முடிந்தால் டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் நீங்களே ஒருமுறை அவரைக் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றிப் பாருங்கள். வீடியோ எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

படுக்கை

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். ஏர் பெட் வாங்கியிருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். குளிப்பாட்டும்போது முதுகின் அடி, இடுப்பின் பக்கங்கள், குதிகால் மூன்றையும் பாருங்கள். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்போ கருமையோ தெரிந்தால் அதுதான் படுக்கைப்புண்ணின் தொடக்கம்.

செயலிழந்த கை கட்டிலில் இருந்து தொங்கக் கூடாது. மல்லாந்து படுக்கும்போது தோளுக்கும் கைக்கும் அடியில் தலையணை வையுங்கள். தோள் மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தளர்ந்துபோனதால் கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்துவிடும். வீட்டில் நடக்கும் தவறுகளில் மோசமானது இந்த இடத்தில்தான் நடக்கிறது. எழுப்பும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பார்கள், அல்லது அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். அதில் வரும் தோள்வலி மாதக்கணக்கில் நிற்கும், வலிக்குப் பயந்து அவர் பயிற்சியையே நிறுத்திவிடுவார். இடுப்பில் அகலமான துணிப் பட்டையோ மடித்த துண்டோ இறுக்கிக் கட்டி அதைப் பிடித்துத் தூக்குங்கள். வருகிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, அந்தப் பக்கத் தோலுக்குச் சூடு தெரியாமல் இருக்கலாம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் வரவழைத்த வீடுகள் நிறைய.

சாப்பாடு

இதை அவசரப்படாமல் படியுங்கள். பயிற்சியில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. விழுங்குவதில் தவறினால் நிமோனியா வரலாம்.

தண்ணீர் குடித்ததும் இருமல், சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரப்பது, சோறு ஒரு பக்கக் கன்னத்தில் தங்குவது, காரணம் தெரியாமல் அடிக்கடி காய்ச்சல் ஆகியவை அடையாளங்கள். சிலருக்கு இருமல்கூட வராமலேயே உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும். எனவே டாக்டரோ ஸ்பீச் தெரபிஸ்ட்டோ சோதித்து “வாயால் கொடுக்கலாம்” என்று சொல்லும் வரை ஒரு வாய் தண்ணீரும் வேண்டாம். “தொண்டை காயுதே, பாவம்” என்று ஒரு ஸ்பூன் கொடுப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கும்.

அனுமதி கிடைத்த பிறகு, நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். சாய்ந்த நிலையில் கூடாது. சிறிய ஸ்பூன், ஒரு வாய் முழுக்க இறங்கிய பிறகே அடுத்த வாய். முடிந்த பின் அரை மணி நேரமாவது அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். பேச்சு, டிவி இரண்டும் அந்த நேரத்தில் வேண்டாம்.

தண்ணீர்தான் எளிது என்று நாம் நினைப்போம். விழுங்கச் சிரமப்படும் பலருக்குக் கடினமே தண்ணீர்தான், வேகமாக வழுக்கிப் போய்விடும். அதைவிட மோசம் ரசம் சாதமும் மோர் சாதமும். வாயில் போட்டதும் நீர் தனியாக ஓடும், பருக்கை தனியாக நிற்கும். குழைய வேகவைத்து மசித்த பருப்பு சாதம், கெட்டியான கேழ்வரகுக் கூழ், சாம்பாரில் நன்றாக ஊறவைத்து மசித்த இட்லி, மசித்த வாழைப்பழம் எல்லாம் ஒரே பதத்தில் சேர்ந்து இறங்கும். பொரி, அவல், முறுக்கு, நிலக்கடலை இப்போதைக்கு வீட்டில் மற்றவர்களுக்கு மட்டும். எந்தப் பதம் அவருக்குச் சரி என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட்தான் முடிவு செய்ய வேண்டும். காலையும் இரவும் வாயைச் சுத்தம் செய்யுங்கள், மூக்குக் குழாய் இருந்தாலும்கூட. அழுக்கு வாயின் எச்சில் நுரையீரலுக்குள் போவதும் நிமோனியாவுக்கு ஒரு காரணம். குழாய் பாதி வெளியே வந்துவிட்டால் நீங்களே உள்ளே தள்ளாதீர்கள்.

உட்காருவது, நிற்பது, நடப்பது

எல்லோருக்கும் நடக்க வைக்கத்தான் அவசரம். ஆனால் அதிகம் செய்தால் அதிகப் பலன் என்ற கணக்கு இங்கே எப்போதும் செல்லாது. அவெர்ட் என்ற பெரிய ஆய்வு 2015-ல் வெளியானது. 2,104 நோயாளிகள். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அதிக நேரம் நிற்கவும் நடக்கவும் வைக்கப்பட்ட குழுவினர், மூன்று மாதம் கழித்துப் பார்க்கையில் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். அது முதல் நாட்களைப் பற்றிய ஆய்வு என்றாலும், அதன் விவரங்களை மேலும் அலசியபோது கிடைத்த ஒரு குறிப்பு வீட்டுக்கும் உதவும். ஒரேயடியாக நீண்ட நேரம் செய்வதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை செய்வது மேல்.

முதலில் கட்டில் ஓரத்தில், பாதம் தரையில் முழுக்கப் பதிய, பிடிமானம் இல்லாமல் உட்காருவது. அது நிலைத்ததும் உட்கார்ந்து எழுவது. வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளில் ஒன்றை மட்டும்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். தொடை, இடுப்பு, சமநிலை மூன்றும் ஒன்றாக வேலை செய்யும். கழிப்பறைக்குத் தானே போய்வர உதவுவதும் இதுதான். சுவரை ஒட்டிய கனமான மர நாற்காலி வேண்டும், வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது. பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துவைத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் குனிந்து, பிறகு எழ வேண்டும். எழும்போது உடம்பு முழுக்க நல்ல காலின் பக்கம் சாயும். செயலிழந்த கால் மீதும் எடை வர வைப்பதுதான் பயிற்சியே. முதலில் உயரமான இருக்கை, பழகப் பழக உயரத்தைக் குறையுங்கள். ஐந்தோ பத்தோ முறை, ஒரு நாளைக்குப் பல வேளை. துணைக்கு நிற்பவர் செயலிழந்த பக்கம் நிற்க வேண்டும்.

கைத்தடி நல்ல கையில். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயலிழந்த கால் முதலில். உடுத்தும்போது செயலிழந்த கையைச் சட்டைக்குள் முதலில் விடுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம், பின்பட்டை உள்ளதாக வாங்குங்கள். புடவை கட்டுபவர் என்றால் கொஞ்ச காலம் நைட்டியோ சுடிதாரோ நல்லது, கொசுவம் காலில் சிக்கும். பாதம் தொங்கி விரல் தரையில் உரசினால் கணுக்காலைத் தாங்கும் பட்டை போடலாமா என்று தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். தரையோடு இருக்கும் கழிப்பறையை இப்போதைக்கு மறந்துவிட்டு ஒரு கமோட் சேர் வாங்குங்கள். குளியலறைச் சுவரில் அவருடைய நல்ல கைப் பக்கம் பிடிகம்பி மாட்டுங்கள். சுவரில் துளை போட வீட்டு ஓனர் முணுமுணுப்பார், பேசிப் பாருங்கள்.

கை

கால் வந்துவிடும், கை தாமதிக்கும். பல வீடுகளில் இதுதான் நடப்பு. நடப்பதற்கு ஓரளவு வலு போதும். பொத்தான் போட ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கை தாமதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒற்றைக் காலால் நடக்க முடியாததால் கால் எப்படியும் வேலை செய்தாக வேண்டும். ஒற்றைக் கையால் வாழ்ந்துவிடலாம், அதனால் மற்றது சும்மா கிடக்கும்.

கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து “அமுக்கு அமுக்கு” என்பது நம் ஊர் வழக்கம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெரும்பாலோருக்கு விரல் மடங்கும், விரிவதுதான் வராது. ஏற்கெனவே மடங்கி இறுகும் கையை இன்னும் மடக்கப் பழக்குவதில் என்ன லாபம்? விரல்களை விரிக்கவும், பிடித்ததை விடவும் வைக்கும் வேலைகளைக் கொடுங்கள்.

எத்தனை முறை என்பதும் முக்கியம். அமெரிக்காவிலும் கனடாவிலும் தெரபி வகுப்புகளைக் கவனித்து எண்ணிய ஓர் ஆய்வில் (2009), கையால் ஒரு வேலையைச் செய்யும் பயிற்சி ஒரு வகுப்புக்குச் சராசரியாக 32 முறைதான் நடந்தது. விலங்குகளை வைத்து மூளை மாற்றத்தைக் காட்டிய சோதனைகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை. ஆகவே தெரபிஸ்ட் வந்துபோகும் முக்கால் மணி நேரத்தோடு கணக்கு முடிவதில்லை, மிச்சம் உங்கள் வீட்டில்தான். மேசை மீது துண்டை விரித்து இரண்டு கையாலும் முன்னும் பின்னும் தேய்ப்பது, காலி டம்ளரை எடுத்து அந்தப் பக்கம் வைப்பது, துணி மடிப்பது, கொஞ்சம் தேறியதும் பச்சைப் பட்டாணி உரிப்பது, பீன்ஸ் ஒடிப்பது. மூன்று வேலையைத் தேர்ந்தெடுங்கள், ஒரு தாளில் எண்ணிக்கை எழுதுங்கள். முதல் வாரத்தில் இருபதாக இருப்பது மெல்ல நூறைத் தாண்டட்டும். வலி வந்தால் நிறுத்துங்கள், சலிப்பு வந்தால் வேலையை மாற்றுங்கள்.

வலது கை பாதித்தால் சாப்பாட்டு நேரம் மானப் பிரச்சினையாகிவிடும். இடது கையால் சாப்பிடக் கூசுவார், ஊட்டிவிடச் சொல்வார். வயிறு நிறைய இடது கையில் ஸ்பூன் பிடிக்கட்டும். ஆனால் ஒவ்வொரு வேளையும் முதல் சில வாயாவது வலது கையால். ஸ்பூன் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். சிந்தும், சிந்தட்டும். கீழே பேப்பர் விரித்துவிட்டு மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளலாம்.

விரலும் மணிக்கட்டும் ஓரளவு விரியும் நிலைக்கு வந்தவர்களுக்கு இன்னொரு முறை உண்டு. நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டிப்போட்டுவிட்டு, பாதித்த கையாலேயே எல்லாம் செய்ய வைப்பது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கியது. 222 பேரை வைத்து நடந்து 2006-ல் வெளியான எக்ஸைட் ஆய்வில், இரண்டு வாரம் இப்படிச் செய்தவர்களின் கை வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடத் தெளிவாகத் தேறியது, ஒரு வருடம் கழித்தும் அது நின்றது. துளியும் அசையாத கைக்கு இது பொருந்தாது. தெரபிஸ்ட் இல்லாமலும் தொடங்க வேண்டாம். நடக்கும்போது நல்ல கையைக் கட்டவே கூடாது.

அசைவே இல்லாத கைக்குக் கண்ணாடி உதவும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலிக்காக 1990-களில் பயன்படுத்திய உத்தி இது. பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது, இன்று இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மேசையின் நடுவில், இரண்டு கைகளுக்கும் இடையே, முகம் நல்ல கையைப் பார்க்கும்படி ஒரு கண்ணாடியை நிறுத்துங்கள். பாதித்த கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். நல்ல கை முன்னால். கண்ணாடியைப் பார்த்தபடி நல்ல கையை மெதுவாக விரித்து மூடினால், பாதித்த கையே அசைவதுபோலத் தெரியும். அதே நேரம் மறைந்திருக்கும் கையையும் அசைக்க முயல வேண்டும். ஒரு நாளைக்குக் கால் மணி முதல் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாளாவது. மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏமாற்று பலிக்காது. கண்ணாடிக் கடையில் வாங்கி விளிம்பில் டேப் ஒட்டினால் போதும், விலை உயர்ந்த பெட்டி ஒன்றும் தேவையில்லை.

பேச்சு

பேச வராததில் இரண்டு வகை உண்டு. வாய்த் தசை தளர்ந்து குழறுவது ஒன்று. சொல்லே அகப்படாமலோ, நாம் சொல்வது புரியாமலோ போவது மற்றது. இரண்டாவது வகையினர் புத்தி மங்கியவர்கள் இல்லை, காதும் கேட்கும். கத்திப் பேசுவதால் பயனில்லை. டிவியை அணைத்துவிட்டு, ஒருவர் மட்டும், சின்ன வாக்கியமாக, எதிரே உட்கார்ந்து பேசுங்கள். “காபியா, டீயா?” என்று பொருளைக் காட்டிக் கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். நாமே முடித்துக் கொடுக்கும் ஆசையை அடக்குவது கஷ்டம்தான்.

ஒரு சொல்லும் வராதவருக்குச் சில சமயம் ஒன்று, இரண்டு, மூன்று தடையில்லாமல் வரும். கிழமைகள், தினமும் சொல்லிப் பழகிய பிரார்த்தனை, பழைய பாட்டு வரும். பாட்டின் ராகத்தில் பேச்சைக் கொண்டுவரும் சிகிச்சை முறை 1973-லேயே உருவானது. அவர் எப்போதும் முணுமுணுக்கும் பாட்டோடு ஆரம்பியுங்கள். கெட்ட வார்த்தையும் இப்படிச் சரளமாக வரலாம், வாழ்நாளில் திட்டியே பழகாத அம்மாவிடம் இருந்தும்கூட. பேரப்பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் சிரிப்போடு போய்விடும்.

மனசும் சோர்வும்

ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. “பிடிவாதம், பயிற்சி செய்ய மாட்டேங்கிறார்” என்று வீட்டார் சொல்வது பல நேரம் அதுதான். மருந்து இருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள். காரணமில்லாத திடீர் அழுகையும் சிரிப்பும் மூளைக் காயத்தின் விளைவாகவே வரலாம். சோர்வு உண்மையானது, பயிற்சிக்கு நடுவே தூங்கட்டும். விசாரிக்க வருபவர்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் என்று ஒதுக்கிவிடுங்கள். கட்டிலருகே நின்று “எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான், ஆறு மாசத்துல...” என்று ஆரம்பிப்பவரை ஹாலுக்கு அழைத்துப் போங்கள்.

பணம் எதில் போகக் கூடாது

புறா ரத்தம் தடவுவது முதல் ஆயிரக்கணக்கில் விற்கும் “நரம்பு ஊசி” வரை ஆலோசனை குவியும். இதமான எண்ணெய் தடவல் தவறில்லை, ஆனால் அது கையை எழுப்பாது. முறுக்கி இழுக்கும் மசாஜ் தோளைக் கெடுக்கும். ஆங்கில மருத்துவத்திலும் இதே கதைதான். மூளை மீள உதவும் என்று இங்கே பரவலாக எழுதப்படும் சிட்டிகோலின் என்ற மருந்து, 2,298 பேரை வைத்து நடந்த 2012 ஆய்வில் பலன் காட்டவில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவோக்செட்டின் மாத்திரை கை கால் மீள உதவும் என்ற நம்பிக்கையை 3,127 பேர் கொண்ட 2018 ஆய்வு பொய்யாக்கியது. மனச்சோர்வைக் குறைத்தது, ஆனால் எலும்பு முறிவைக் கூட்டியது. மூளையை வளர்க்கும் மாத்திரை என்று எதுவும் இல்லை. அந்தப் பணத்தை நல்ல தெரபிஸ்ட்டுக்குக் கொடுங்கள்.

அடுத்த தாக்குதல் வராமல்

பிரஷர் 130/80-க்குக் கீழே இருப்பது பெரும்பாலோருக்கான இலக்கு. வீட்டில் ஒரு மெஷின் வைத்துக்கொண்டு, நல்ல கையில் பாருங்கள். பிரஷர் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள், மாத்திரையால்தான் சரியாக இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையட்டும். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எதுவும் வேண்டாம். முகம் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்.

யாரிடம் போவது

வீட்டாரே கற்றுக்கொண்டால் தெரபிஸ்ட் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளை வைத்து நடந்த அட்டெண்ட் ஆய்வு இதைத்தான் சோதித்தது. குடும்பத்தாருக்குக் கூடுதலாகப் பயிற்சி கொடுத்து அனுப்பியும், ஆறு மாதத்தில் இறப்போ பிறரைச் சார்ந்திருப்பதோ குறையவில்லை என்று 2017-ல் முடிவு வந்தது. என்ன செய்ய வேண்டும், எதை எப்போது கடினமாக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். தினமும் வர வசதி இல்லையென்றால் வாரம் ஒருமுறையாவது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வு மையம் 1966-ல் தொடங்கியது. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சி அது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான மதிப்பீடு, நரம்புப் பாதிப்புகளுக்குப் பொதுவாக ஆறு மாதம் கழித்தே செய்யப்படும். அன்று டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் பிலிம், ஆதார், போட்டோ எல்லாம் கேட்பார்கள். ஸ்கேன் கவரை பீரோவுக்கு மேலே போட்டுவைக்காமல் இன்றே ஒரு ஃபைலில் போடுங்கள்.